காகச் சேவலுக்குள் இருந்த வெள்ளை

குருவைத் தேடி வருகிறவர்கள் பழம் கொண்டுவருவார்கள், பூ கொண்டுவருவார்கள். மலையாண்டி கக்கத்தில் ஒரு சேவலை இடுக்கிக்கொண்டு வந்தார்.

சேவல் என்றால் சாதாரணச் சேவலா அது! கிளிமூக்கு, விசிறிவால். கழுத்திலிருந்து வால்வரை ஒரு இறகுகூட வேறு நிறம் கிடையாது. சேவல் வளர்க்கிறவர்கள் இந்த முழுக் கறுப்பைக் காகம் என்பார்கள். வெயிலில் நிறுத்தினால் கறுப்புக்குள் பச்சை ஓடும். கண்காட்சிக்குப் போன இடத்திலெல்லாம் கோப்பையோடு திரும்பிய சேவல். மலையாண்டி தன் பிள்ளைகளைக்கூட அப்படித் தூக்கிக்கொண்டு திரிந்ததில்லை என்று அவர் மனைவி பேச்சியம்மா சொல்லிக்காட்டுவது உண்டு.

சிறுமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் இருந்தார் அந்தக் குரு, பூரணம் என்ற அம்மாள். கல்லூரியில் உயிரியல் நடத்தியவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்து கோழிகளோடு உட்கார்ந்துவிட்டார். எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு விட்டால் என்ன நிறம் வரும், எந்த நிறம் எதற்குள் ஒளிந்து கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தோப்பிலேயே தங்கிக்கொள்வார்கள். ஆனால் வாயைத் திறந்து பாடம் நடத்துவது மட்டும் கிடையாது. "கோழியே சொல்லப்போகுது. நடுவுல நான் எதுக்கு?" என்பார். மலையாண்டியைவிட அவர் பத்துப் பதினைந்து வயது சின்னவர். இருந்தாலும் மலையாண்டி செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டுத்தான் போனார்.

"வாங்கண்ணே. என்ன வேணும்?"

"என் சேவல் சுத்தம்னு நீங்க சொல்லணும்மா."

"யாருகிட்ட?"

"ஊருகிட்ட. முக்கியமா ஒருத்தன்கிட்ட."

"யாரு அந்த ஒருத்தர்?"

மலையாண்டி சேவலின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அந்த ஒருத்தர் சவடமுத்து. பக்கத்து ஊர்க்காரர். மீசை முளைத்த நாளிலிருந்து பழக்கம். ஒரே இலையில் சாப்பிட்டவர்கள் என்றால் மிகையில்லை. மலையாண்டியிடம் காகச் சேவல் இருந்தது, சவடமுத்துவிடம் காகப் பெட்டை இருந்தது. இரண்டையும் சேர்த்தால் பொரிக்கிறது அத்தனையும் காகம்தான் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவது என்று ஒரு வழக்கம். பெட்டை ஒருத்தருடையது, சேவல் இன்னொருத்தருடையது, பொரிக்கிற குஞ்சில் பாதிக்குப் பாதி. குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிகிற பருவத்தில், சேவல்காரர்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். சவடமுத்து வீட்டுக் குஞ்சுக்கு அடையாளமும் உண்டு. இடது கால் கடைசி விரலில் நகம் இருக்காது. சந்தையில் மாறிவிடக் கூடாதென்று பொரித்தவுடனே கிள்ளிவிடுவார்.

அன்றைக்குச் சவடமுத்து கொண்டுவந்த கூடையைத் திறந்தால், கறுப்புக் குஞ்சுகளுக்கு நடுவில் இரண்டு வெள்ளை.

ஏமாற்ற நினைத்த ஆளாக இருந்தால் அந்த இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். மலையாண்டிக்கு அது அப்போது தோன்றவில்லை. கோபம் தலைக்கேறிவிட்டது.

"கறுப்புக்கும் கறுப்புக்கும் வெள்ளை எப்படிடா பொறக்கும்? எவன் வீட்டு வெள்ளைச் சேவலோ வேலி தாண்டி வந்திருக்கு. கலப்புப் பெட்டையைக் காட்டி என் சேவல் பேரைக் கெடுத்துட்டியே!"

"நிதானமாப் பேசு மலையாண்டி. எம் பெட்டை பஞ்சாரக் கூடையை விட்டு வெளிய வரலை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு நிற்கவில்லை.

"ஆளு எப்படியோ, கோழியும் அப்படித்தான இருக்கும்? உன் வீட்டுக் கலப்புதான் ஊருக்கே தெரியுமே!"

சவடமுத்துவின் மூத்த மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு, ஊரெல்லாம் பேசி ஓய்ந்து, அந்தக் குடும்பம் அப்போதுதான் தலைநிமிர்ந்து நடக்க ஆரம்பித்திருந்தது. வந்திருந்த நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

சவடமுத்து குனிந்து அந்த இரண்டு வெள்ளைக் குஞ்சுகளை மட்டும் எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். "என் பங்கு இது. மிச்சமெல்லாம் நீ வச்சுக்க," என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வருசம் ஓடிவிட்டது.

"இப்ப ஊர்க்காரனுக என்னையப் பார்த்துக் குசுகுசுங்கறானுக. பெட்டைக்குச் சேவல் வேணும்னு ஒரு பய என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கறதில்ல. யாரு கோழியில குத்தம்னு நீங்கதாம்மா சொல்லணும்."

"சொன்னா என்ன செய்வீங்க?"

"பெட்டையில குத்தம்னா நேரா அவன் வீட்டுக்குப் போயி, 'இப்ப என்னடா சொல்ற'ன்னு கேப்பேன்."

"சேவல்ல குத்தம்னா?"

மலையாண்டி சிரித்துவிட்டார். "அது வராதும்மா."

உண்மையைச் சொன்னால், சண்டை போடவாவது சவடமுத்து வீட்டு வாசலை மிதிக்க வேண்டும் என்று அவர் மனம் ஏங்கிக் கிடந்தது. அதை அவர் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பூரணம் எழுந்து போய் ஒரு வெள்ளைப் பெட்டையைக் கொண்டுவந்து தரையில் விட்டார்.

"இது எதுக்கும்மா?" மலையாண்டி முகத்தைச் சுளித்தார்.

"உங்க சேவலைச் சோதிக்க. இதுகிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. உள்ளயும் வெள்ளை, வெளியயும் வெள்ளை. இதோட உங்க சேவலை விடுவோம். குஞ்சு அத்தனையும் கறுப்பா வந்தா உங்க சேவல் சுத்தம். வெள்ளை கலந்து வந்தா, சேவலுக்குள்ள வெள்ளை ஒளிஞ்சிருக்கு."

"அப்ப இன்னைக்கே விடுவோம்."

"மூணு வாரம் போகட்டும்."

"மூணு வாரமா? எதுக்கு?"

"இந்தப் பெட்டை நேத்துவரைக்கும் வேற சேவலோட இருந்துச்சு. பிரிச்சு வச்சாலும் அந்தச் சேவலோட குஞ்சு இன்னும் கொஞ்ச நாளைக்கு இது முட்டையில வரும். பெட்டை அவ்வளவு லேசுல மறக்காதுண்ணே."

"மனுசனைவிடத் தேவலாம்போல," என்றார் மலையாண்டி. சொன்னபிறகு ஏன் சொன்னோம் என்றிருந்தது.

அவர் தோப்பிலேயே தங்கினார். விடிந்ததும் கூண்டு கூட்டுவார், தண்ணீர் மாற்றுவார், கம்பும் சோளமும் கலந்து வைப்பார். சும்மா இருக்கிற நேரத்தில் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் காலைப் பார்ப்பார். சேவல்காரன் கண் முதலில் காலில்தான் விழும். செதில் எப்படி, விரல் எப்படி, நகம் எப்படி என்று தோப்பில் இருந்த அத்தனையையும் பார்த்தாகிவிட்டது. அந்த வெள்ளைப் பெட்டையை மட்டும் அவர் தூக்கிப் பார்க்கவில்லை. வெள்ளைதானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டார்.

"இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வருதும்மா," என்றார் ஒருநாள்.

"அதுக்கும் உங்களைப் பார்த்தா அப்படித்தான் இருக்கும்," என்றார் பூரணம்.

சேவலையும் பெட்டையையும் சேர்த்து விட்டார்கள். பெட்டை முட்டையிட்டது, அடைக்கு உட்கார்ந்தது. மலையாண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்போல அடைக்கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். முட்டையைக் காதில் வைத்துப் பார்த்தபோது பெட்டை ஒரு கொத்து கொத்தியது. திட்டிக்கொண்டே விரலைச் சூப்பினார்.

குஞ்சு பொரித்தது. மலையாண்டி குந்தி உட்கார்ந்து பார்த்தார். பாதி கறுப்பு. பாதி சாயம் போன துணிமாதிரி வெளிறிக் கிடந்தது.

நெடுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை.

"பொரிச்ச குஞ்சோட நெறத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா," என்றார் கடைசியில். "இறகு முளைக்கட்டும். அப்பத்தான் உறுதி. என்ன சொல்றீங்க?"

பூரணம் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சியம்மா போனில் கூப்பிட்டார்.

"சவடமுத்து அண்ணன் படுத்த படுக்கையா கெடக்காரு. ஈரலு கெட்டுப்போச்சாம். டாக்டரு கைய விரிச்சுட்டாராம். உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காராம். ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க."

மலையாண்டி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டு வாங்கண்ணே," என்றார் பூரணம். "கோழியை நான் பார்த்துக்கறேன்."

"போகணும்மா. போகாம இருப்பேனா? ஆனா வெறும் ஆளாப் போயி அவன் முன்னாடி என்னத்தச் சொல்லி நிக்க? இறகு முளைக்கட்டும். முடிவு தெரிஞ்சிரட்டும். ஒண்ணு, உன் பெட்டைதாண்டான்னு சொல்லுவேன். இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"தெரியலைம்மா. அதான் இறகு முளைக்கட்டும்கறேன்."

பூரணம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு குனிந்து, தண்ணீர்ச் சட்டியை எடுத்துக் கழுவப் போனார். மலையாண்டி அதைப் பார்த்தார். என்னம்மா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மா சொல்லியிருப்பாரோ என்னவோ, அந்த நினைப்பு பிறகு அவரைத் தூங்கவிடவில்லை.

குஞ்சுகளின் சிறகு நுனியில் முதலில் குருத்து விட்டது. பிறகு தோளில், பிறகு வாலில். மலையாண்டி தினமும் பார்த்தார். கறுப்பில் கறுப்பு முளைத்தது. வெளிறியதில் வெள்ளை முளைத்தது. முதல் இறகு வந்த அன்றே தெரிந்துவிட்டது. என்றாலும் இன்னும் கொஞ்சம் வளரட்டும், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்.

பேச்சியம்மா மறுபடி கூப்பிட்டபோது அழுதுகொண்டிருந்தார். சவடமுத்து போய்விட்டார் என்று அவர் சொல்லாமலே மலையாண்டிக்குப் புரிந்துவிட்டது.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்து ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கழுவிவிட்ட வாசலில் ஓரமாக நின்றார். உள்ளேயிருந்து மூத்த மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நாலு பேர் முன்னால் அவர் யாரைச் சொல்லிச் சவடமுத்துவைக் குத்தினாரோ, அந்தப் பெண்.

"குடிங்க சித்தப்பா. வெயில்ல வந்திருக்கீங்க."

அவர் செம்பை வாங்கினார்.

"அப்பா கட்டிலை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னாரு. நீங்க வந்தா அங்கிருந்தே தெரியணுமாம்," என்றாள்.

அவர் செம்போடு திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தார்.

தோப்புக்கு அவர் திரும்பி வந்தது சேவலை எடுத்துக்கொண்டு போக. அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தார். ஆனால் சேவலிடம் போகவில்லை. பூரணத்தின் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"வெள்ளை வந்துருச்சும்மா."

"ஆமாண்ணே."

"அப்ப என் சேவல்லதான் குத்தம். அவன் பெட்டை சுத்தம். ஒரு பாவமும் அறியாதவனைப் போயி..." அவர் தன் நெற்றியில் அறைந்துகொண்டார். "பூராவும் என் குத்தம்."

பூரணம் உள்ளே போய், தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் பச்சரிசியும் கொஞ்சம் எடுத்துவந்தார்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார். ஒவ்வொரு கையிலும் ஓர் உளுந்தும் ஓர் அரிசியும் வைத்தார் பூரணம்.

"இந்தக் கை உங்க சேவல். அந்தக் கை அவரு பெட்டை. ஒவ்வொரு கோழிக்குள்ளயும் நெறத்துக்கு ரெண்டு பங்கு இருக்கு. ஒரு பங்கு உளுந்தா இருந்தாப் போதும், வெளிய கறுப்புதான். அரிசி உள்ள கெடக்கறது கண்ணுக்குத் தெரியாது. இப்பக் குஞ்சு பொறக்கணும். தகப்பன் பங்குல ஒண்ணு, தாய் பங்குல ஒண்ணு. கைக்கு ஒண்ணா எடுங்க. வெள்ளைக் குஞ்சு எப்படி வரும்?"

மலையாண்டி உளுந்தையும் உளுந்தையும் சேர்த்துப் பார்த்தார். கறுப்பு. உளுந்தையும் அரிசியையும் சேர்த்துப் பார்த்தார். அதுவும் கறுப்பு. பிறகு இரண்டு அரிசியையும் ஒன்றாக வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் அரிசி இருந்தாத்தான் வரும்," என்றார் மெதுவாக.

"ஆமா."

"அப்ப அவன் பெட்டையிலயும் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அவன் பெட்டையும் வேலி தாண்டலை. என் சேவலும் கெட்டுப்போகலை."

"ரெண்டுலயும் எந்தக் காலத்துலேர்ந்தோ உள்ள கெடந்திருக்கு. சேர்ந்த அன்னைக்கு வெளிய வந்துச்சு."

மலையாண்டி கைகளைத் தொங்கவிட்டார். உளுந்தும் அரிசியும் தரையில் சிந்தின. அந்த வெள்ளைப் பெட்டை எங்கிருந்தோ ஓடிவந்து அவர் காலடியில் கொத்த ஆரம்பித்தது. குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த மனுசனுக்கு எதிரில் தெரிந்தது அதன் கால்தான். இடது கால். கடைசி விரல். அதில் நகம் இல்லை.

அவர் பெட்டையைப் பிடித்துத் தூக்கினார். விரலைத் தடவிப் பார்த்தார்.

"இது சவடமுத்து கிள்ளினது."

"ஆமாண்ணே."

"அன்னைக்குத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் போனானே, அந்தக் குஞ்சா?"

"ரெண்டுல ஒண்ணு. போன வருசம் கொண்டாந்து விட்டாரு. அவரு பெட்டையை ஒரு வெள்ளைச் சேவலோட விட்டு அவரே சோதிச்சுப் பார்த்திருந்தாரு. 'எம் பெட்டையில இருக்குதும்மா, அவன் சேவல்லயும் இருக்கும். நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டான், இன்னும் ரெண்டு வார்த்தை ஏசுவான். என்னைக்காவது சேவலைத் தூக்கிக்கிட்டு உங்ககிட்ட வருவான். சோதிக்க வெள்ளைப் பெட்டை வேணும்ல, இது இங்க இருக்கட்டும்'னாரு."

"கோவமா இருந்தானா?"

"'வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க'னாரு."

"சொல்லி அனுப்புனீங்களா?"

"முடிவு தெரியட்டும்னு இருந்துட்டேன்."

மலையாண்டி நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கறுப்புக்கும் கறுப்புக்கும் வெள்ளை பொறந்துச்சுன்னு நான் வாயைத் திறந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ரெண்டு பக்கமும் இருக்குன்னு ஒரு சொல்லு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இந்த ரெண்டு அரிசியை அன்னைக்கே என் கையில வச்சிருக்கலாம்ல? கோழி சொல்லட்டும், கோழி சொல்லட்டும்னு இருந்தீங்களே. அவன் கட்டிலை வாசலுக்குத் திருப்பிப் போட்டுக்கிட்டுக் கெடந்திருக்கான். நான் இங்க குந்தி இறகைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். அன்னைக்குப் போன் வந்தப்பக்கூட வாயைத் திறந்தீங்க. ஏம்மா மூடுனீங்க?"

தோப்பில் சேவல் ஒன்று கூவி ஓய்ந்தது. பூரணத்தின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"இது உங்க குத்தம்," என்றார் மலையாண்டி. "சொல்லுங்க. உங்க குத்தம்தான?"

பூரணம் குனிந்து, சிந்திக் கிடந்ததிலிருந்து ஓர் அரிசியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"பாதிண்ணே," என்றார்.